லண்டன் இல்லீங்க, இது கிராமம்: சட்டன் பானிங்டன்ல முதல் பத்து நாள்

இங்கிலாந்துல படிக்கப் போறேன்னு சொன்னதுமே ஊர்ல எல்லாரும் சிவப்பு டபுள் டெக்கர் பஸ், பிக் பென்னு ஆரம்பிச்சாங்க, நானும் அதே நினைப்புல 2024 செப்டம்பர்ல கோயம்புத்தூர்ல இருந்து கிளம்பி வந்துட்டேன். வந்து பாத்தா ஒரு பக்கம் உழுது போட்ட காடு, இன்னொரு பக்கம் மாடு மேயுது, நடுவுல என் டிபார்ட்மெண்ட். நாட்டிங்ஹாம் யூனிவர்சிட்டியோட மெயின் கேம்பஸ் சிட்டிக்குள்ள இருக்கு. ஆனா விவசாயம், உணவு அறிவியல், வெட்னரி இதெல்லாம் நடக்கறது அங்கிருந்து பத்து மைலுக்கும் மேல தெற்கே சட்டன் பானிங்டன்ங்கற கிராமத்துல. இங்க எல்லாரும் சுருக்கமா எஸ்பின்னுதான் சொல்வாங்க, ஏதோ போலீஸ் ஆபீஸுக்குப் போற மாதிரி இருக்கும்.

லண்டன், மான்செஸ்டர்னு போறவங்களுக்கு எழுதின டிப்ஸ் நிறைய இருக்கு, அதுல பாதி இங்க ஆகாது. சிட்டில ஏதாவது மறந்துட்டா கீழ இறங்கிப் போய் வாங்கிக்கலாம். இங்க மறந்தா அடுத்த பஸ் வரைக்கும் மறந்ததுதான். அதனால நான் சொல்றது எல்லாமே சுத்திச் சுத்தி பஸ்லயும் கடை மூடற நேரத்துலயும்தான் வந்து நிக்கும், பொறுத்துக்கோங்க.

கிளம்பறதுக்கு முன்னாடி

முதல்ல பேப்பர் வேலை. நான் வந்தப்ப பிஆர்பின்னு, இங்க தங்க அனுமதி இருக்குன்னு காட்டற ஒரு கார்டு குடுத்தாங்க, அது 2024 டிசம்பர் 31ஓட முடிஞ்சுது, இப்ப எல்லாமே ஆன்லைன்ல இருக்கற ஈ-விசாதான். யூகேவிஐன்னு விசா பாக்கற ஆபீஸ், அவங்க சைட்ல அக்கவுண்ட் ஓபன் பண்ணி, எந்த பாஸ்போர்ட்ல வர்றீங்களோ அது அதுல லிங்க் ஆகியிருக்கான்னு ஊர்ல இருக்கும்போதே பாத்துருங்க, ஏர்போர்ட்ல நின்னுகிட்டு பாஸ்வேர்டு மறந்துபோச்சுன்னு சொல்ற நிலைமை வேண்டாம். உங்க விசா விவரத்தை மத்தவங்க பாக்கறதுக்கான ஷேர் கோடை அந்த அக்கவுண்ட்ல இருந்துதான் எடுக்கணும், 90 நாள் செல்லும். வேலைக்கு ஒரு கோட், வாடகை வீட்டுக்கு ஒரு கோட், மத்ததுக்கு ஒரு கோட்னு தனித்தனி, ஒண்ணுக்கு எடுத்ததை இன்னொண்ணுக்குக் குடுத்தா திருப்பி அனுப்பிருவாங்க. ஒரு வருஷ மாஸ்டர்ஸ்னா கோர்ஸ் ஆரம்பிக்கறதுக்கு ஒரு மாசம் முன்னாடி வரைக்கும் உள்ள வரலாம், அதுக்கு முன்னாடி டிக்கெட் மலிவா கிடைக்குதேன்னு போட்டுறாதீங்க. விசாவுக்காக யூனிவர்சிட்டி குடுத்த கேஸ் (CAS) லெட்டர், டிபி டெஸ்ட் சர்டிபிகேட், தங்கற இடத்து அட்ரஸ் எல்லாம் பிரிண்ட் எடுத்து ஹேண்ட் லக்கேஜ்ல. செக்-இன் பெட்டில வெச்சா இமிக்ரேஷன்ல கேக்கும்போது அது பெல்ட்ல சுத்திகிட்டு இருக்கும்.

பல்லு வலி இருக்கா, சொத்தை இருக்கா, ஊர்லயே பாத்துட்டு வாங்க. இங்க என்எச்எஸ்ல, அதாவது அரசாங்க மருத்துவத்துல, பல் டாக்டர் கிடைக்கறது குதிரைக் கொம்பு. கண்ணாடி போடறவங்க ரெண்டு ஜோடி எடுத்துக்கோங்க.

அப்பறம் அம்மா கட்டிக் குடுக்கற பொட்டலம். பருப்புப் பொடி, சாம்பார் பொடி, புளி, ரசப்பொடி எல்லாம் தாராளமா கொண்டு வாங்க. ஆனா நெய், பால்கோவா, பன்னீர், மட்டன் ஊறுகாய் இதெல்லாம் கூடவே கூடாது, இந்தியால இருந்து இறைச்சி, பால் பொருள் எதுவும் பையில கொண்டுவரத் தடை. நம்ம ஆளுங்க "யாரு பாக்கப் போறா"ன்னு சொல்வாங்க. மத்தவங்க எப்படியோ, கால்நடை, விவசாயம் படிக்க வர்ற நாம அதைச் சொல்லக் கூடாது. நம்ம ஊர் கோமாரி இருக்கு பாருங்க, அது 2001ல இந்த நாட்டுக்குள்ள வந்து, 60 லட்சத்துக்கும் மேல ஆடு மாடு பன்னியைக் கொன்னு எரிச்சாங்க. இங்க வயசான பண்ணைக்காரங்க கிட்ட அந்த வருஷத்தைப் பத்திப் பேச்செடுத்தா கொஞ்ச நேரம் அமைதியாயிருவாங்க. அதனால நெய் மட்டும் இல்ல, ஊர்ல தோட்டத்துக்குப் போட்டுகிட்டுப் போன ஷூவையும் மண்ணோட கொண்டு வராதீங்க, நல்லா கழுவிக் காய வெச்சுக் கொண்டு வாங்க, முடிஞ்சா கொண்டே வராதீங்க.

பெட்டில கண்டிப்பா வேண்டியது: ஒரு பெட்ஷீட், ஒரு போர்வை, துண்டு, ஒரு சின்ன பாத்திரம், ஒரு மக். மக் எதுக்குன்னு கேக்காதீங்க, பாத்ரூம் போய்ப் பாத்தா புரியும். பிளக் கன்வெர்ட்டரும் வேணும், இங்க மூணும் தட்டையான கட்டைக் கால், நம்ம உருண்டை பின் நுழையவே நுழையாது. கம் பூட்ஸ் வாங்காதீங்க, வெயிட்டு, இங்கயே கிடைக்கும்.

ஏர்போர்ட்ல இருந்து ஊருக்கு

சென்னைல இருந்து ஹீத்ரோ வர்றவங்க தான் அதிகம். ஆனா துபாய் வழியா பர்மிங்ஹாம் வர்ற எமிரேட்ஸும் இருக்கு, எஸ்பிக்கு அது கிட்டக்க, விலை ஒத்துவந்தா அதைப் பாருங்க. ஹீத்ரோன்னா ரெண்டு வழி. ஒண்ணு, நாட்டிங்ஹாமுக்கு நேரா போற கோச், பெட்டியை கீழ போட்டுட்டு தூங்கலாம். இன்னொண்ணு, பிக்கடில்லி லைன்னு லண்டன் மெட்ரோ பிடிச்சு கிங்ஸ் கிராஸ் செயின்ட் பாங்க்ரஸ், கிட்டத்தட்ட ஒரு மணி நேரம், அங்கிருந்து ஈஸ்ட் மிட்லண்ட்ஸ் ரயில்ல லஃப்பரோ இல்லேன்னா ஈஸ்ட் மிட்லண்ட்ஸ் பார்க்வே, இந்த ரெண்டுதான் நமக்குப் பக்கத்து ஸ்டேஷன். ரெண்டு பெரிய பெட்டியோட பிக்கடில்லி லைன்ல ஆபீஸ் நேரத்துல ஏறினா அங்கயே பாதி உயிர் போயிரும், நான் கோச்சுக்குத்தான் ஓட்டு போடுவேன்.

ரயில் டிக்கெட்ல ஒரு கண்ணி இருக்கு. அட்வான்ஸ் டிக்கெட் மலிவு, ஆனா அந்த ஒரே ரயிலுக்குத்தான் செல்லும். ஃபிளைட் லேட்டாகி, இமிக்ரேஷன் லைன்ல ரெண்டு மணி நேரம் நின்னுட்டு வந்தா டிக்கெட் காகிதம். முதல் நாளுக்கு மட்டும் காசு கூட ஆனாலும் ஆஃப்-பீக், அதாவது கூட்டம் குறைவான நேரத்து டிக்கெட் எடுங்க, எந்த ஆஃப்-பீக் ரயில்லயும் ஏறிக்கலாம். அதுக்கப்பறம் 16-25 ரயில்கார்டு வாங்கிக்கோங்க, 2025 மார்ச்ல இருந்து 35 பவுண்டு, மூணுல ஒரு பங்கு குறையும். பேர்தான் 25, வயசு தாண்டியிருந்தாலும் ஃபுல் டைம் ஸ்டூடண்ட்னா யூனிவர்சிட்டி கையெழுத்தோட கிடைக்கும், அது நிறைய பேருக்குத் தெரியறதில்ல.

பார்க்வே ஸ்டேஷன்ல இறங்கினா பக்கத்துலயே எட்டு பிரம்மாண்டமான கூலிங் டவர், ராட்கிளிஃப் அனல்மின் நிலையம். நான் வந்த மாசமே, 2024 செப்டம்பர் 30ஆம் தேதி, அதை மூடிட்டாங்க, இந்த நாட்டோட கடைசி நிலக்கரி மின் நிலையம் அதுதான். பாக்கறதுக்கு நல்லாத்தான் இருக்கு, ஆனா வெளில வந்தா ஆட்டோ ஸ்டாண்டு எல்லாம் இருக்காது, காடு நடுவுல ஒரு ஸ்டேஷன். டாக்ஸி முன்னாடியே புக் பண்ணிட்டு வரணும். மேப்ல பாத்தா கேம்பஸ் பக்கம் மாதிரி தெரியும், பெட்டியை உருட்டிகிட்டு நடந்துரலாம்னு நினைக்காதீங்க.

முக்கியமா ஒண்ணு, வெள்ளிக்கிழமை சாயங்காலம் வந்து இறங்காதீங்க. திங்கள்ல இருந்து வியாழனுக்குள்ள, மத்தியானத்துக்குள்ள வர்ற மாதிரி டிக்கெட் போடுங்க. ரிசப்ஷன் திறந்திருக்கும், பஸ் ஓடும், கடை இருக்கும்.

முதல் ராத்திரி

நான் வந்தது வெள்ளிக்கிழமை சாயங்காலம். ரூம்ல மெத்தை இருந்துச்சு, மெத்தை மேல ஒண்ணுமே இல்ல, தலைகாணி கூட இல்ல. தப்பு என்னுதுதான், பெட்டிங் வேணும்னா தனியா ஆர்டர் பண்ணணும்னு மெயில்ல தெளிவா போட்டிருந்தாங்க, நான் படிக்கல. செப்டம்பர் ராத்திரி பத்து டிகிரி. வேஷ்டியை விரிச்சு, மேல ரெண்டு ஸ்வெட்டர், ஜாக்கெட்டு, அதுக்கு மேல துண்டு, அப்படித்தான் விடிஞ்சுது. ஹீட்டர் சுவத்துல இருந்தது, அதோட குமிழைத் திருப்பணும்னு அடுத்த நாள் பக்கத்து ரூம் பையன் சொல்லித்தான் தெரியும்.

நீங்க வந்ததும் செய்ய வேண்டியது: ஹீட்டர் எப்படின்னு கேட்டுக்கோங்க. சாக்கெட்ல சுவிட்சு தனியா இருக்கும், போட்டாத்தான் கரண்ட் வரும், அது நம்ம ஊர் மாதிரியேதான். பாத்ரூம்ல லைட்டுக்கு சுவிட்சே இல்லையேன்னு சுவரைத் தடவாதீங்க, மேல இருந்து ஒரு கயிறு தொங்கும், அதை இழுக்கணும். சிவப்புக் கயிறு இருந்தா அதை மட்டும் இழுக்காதீங்க, அது உதவிக்குக் கூப்பிடற அலாரம். வாஷ்பேசின்ல சுடு தண்ணிக்கு ஒரு குழாய், பச்சைத் தண்ணிக்கு ஒரு குழாய், நடுவுல ஒண்ணும் கிடையாது, ஒரு கை வெந்து ஒரு கை விறைச்சுப் போகும். கிச்சன்ல பச்சைத் தண்ணிக் குழாய்ல வர்றது அப்படியே குடிக்கலாம், பாட்டில் தண்ணிக்குக் காசு குடுக்காதீங்க.

கூடவே ரெண்டு வேளைக்கு சாப்பாடு பையில இருக்கட்டும், ரெடிமேட் உப்புமா, அவல், எதுவா இருந்தாலும் சரி, ராத்திரி எட்டு மணிக்கு மேல கிராமத்துல பப்பைத் தவிர எதுவும் இருக்காதுன்னு வெச்சுக்கோங்க.

ஃபோன் சிக்னலையும் சொல்லிடறேன். சிட்டில நல்லா எடுக்கற நெட்வொர்க் இங்க ஒரு சுவத்துக்கு அந்தப்பக்கம் போனா செத்துரும். ஏர்போர்ட்ல விக்கற சிம்மை அவசரப்பட்டு வருஷத்துக்கு எடுக்காதீங்க, ஆஃப்காம்னு டெலிகாம் ஒழுங்குமுறை ஆபீஸ், அவங்க சைட்ல இந்த ஊர் போஸ்ட்கோட் போட்டா எந்த நெட்வொர்க் எப்படின்னு காட்டும். மாசா மாசம் மாத்திக்கற சிம்மா வாங்கி, ஃபோன்ல வைஃபை காலிங் ஆன் பண்ணிருங்க. எடுரோம்னு யூனிவர்சிட்டி வைஃபை, அதோட செட்டிங்கை ஊர்ல இருந்தே பண்ணிட்டு வந்தா கேம்பஸ்ல கால் வெச்சதும் தானா பிடிச்சுக்கும்.

பஸ்ஸுதான் இங்க பஞ்சாங்கம்

ரெண்டாவது நாள் காலைல எழுந்ததும் முதல் வேலை ஐடி கார்டு வாங்கறது. அது இருந்தாத்தான் கேம்பஸுக்கும் கேம்பஸுக்கும் நடுவுல ஓடற ஹாப்பர் பஸ்ல ஓசில போகலாம். ஹாப்பர் டைம்டேபிளை ஃபோன்ல ஸ்கிரீன்ஷாட் எடுத்து வெச்சுக்கோங்க, நெட் இல்லாத இடத்துலதான் அது வேணும். கிளாஸ் நாளுக்கு ஒரு டைம், லீவுல வேற டைம், இதைப் பாக்காம நாட்டிங்ஹாம்ல மாட்டிகிட்டவங்க வருஷா வருஷம் இருக்காங்க.

மத்த பஸ், நாம ஸ்டாப்ல சும்மா நின்னா நிக்காது. கையை நீட்டணும். நான் முதல் தடவை ஸ்டாப்ல பவ்யமா நின்னுட்டு இருந்தேன், பஸ் என்னைத் தாண்டிப் போயே போச்சு. கண்டக்டர் கிடையாது, முன் வாசல்ல ஏறி டிரைவர்கிட்ட எங்க போறோம்னு சொல்லி கார்டைத் தட்டணும். இங்கிலாந்து முழுக்க நிறைய பஸ்ல ஒரு டிரிப்புக்கு இவ்வளவுதான்னு உச்சவரம்பு இருக்கு, நான் வந்தப்ப 2 பவுண்டு, 2025 ஜனவரில இருந்து 3 பவுண்டு. இறங்கும்போது எல்லாரும் டிரைவருக்கு தேங்க்ஸ் சொல்லிட்டு இறங்குவாங்க, நீங்களும் சொல்லுங்க, ரெண்டு வாரம் போனா அவரு உங்க முகத்தை ஞாபகம் வெச்சுக்குவாரு, ஓடி வர்றதைப் பாத்தா அரை நிமிஷம் நிப்பாட்டுவாரு, அந்த அரை நிமிஷத்தோட மதிப்பு டிசம்பர் மழைல தெரியும்.

பக்கத்துல பெரிய கிராமம்னா ஆத்துக்கு அந்தப் பக்கம் கெக்வொர்த், டவுன்னா லஃப்பரோ. கெக்வொர்த் வழியா ஸ்கைலிங்க்னு பஸ் பக்கத்துல இருக்கற ஈஸ்ட் மிட்லண்ட்ஸ் ஏர்போர்ட்டுக்கும் லஃப்பரோ, லெஸ்டருக்கும் போகும், அது ராத்திரிலயும் ஓடும். ஆனா கெக்வொர்த்ல இறங்கினா மிச்ச ரெண்டு மைல் யாரு கூட்டிட்டுப் போவா? அங்கதான் நான் விழுந்தேன். மூணாவது நாள் லஃப்பரோல சாமான் வாங்கப் போய், அரிசி, பருப்பு, ஒரு தலைகாணின்னு சுமந்துகிட்டு, ஊருக்குள்ள வர்ற கடைசி பஸ்ஸை விட்டுட்டேன். சரி நடப்போம்னு கெக்வொர்த்ல இறங்கி நடக்க ஆரம்பிச்சா, பாலம் தாண்டினதும் இருட்டு, தெரு விளக்கு இல்ல, நடைபாதை இல்ல, ரெண்டு பக்கமும் வேலி உசரமா, நடுவுல கார் பறக்குது. கிராமத்து ரோட்டுல வெள்ளை வட்டத்துல ஒரு கறுப்புக் கோடு போட்ட போர்டு இருந்தா அங்க மணிக்கு 60 மைல் வரைக்கும் போகலாம்னு அர்த்தம், நம்ம கணக்குல 96 கிலோமீட்டர், அந்த சந்துல! தலைகாணி வெள்ளையா இருந்ததால தப்பிச்சேன்னு நினைக்கறேன்.

அதனால நடைபாதை இல்லாத ரோட்டுல நடந்தே ஆகணும்னா ரோட்டுக்கு வலது பக்கமா, எதிர்ல வர்ற வண்டியைப் பாத்துகிட்டு நடங்க, இங்கயும் நம்ம ஊர் மாதிரி இடது பக்கம்தான் வண்டி ஓட்டுவாங்க. மின்னற பட்டை போட்ட ஒரு ஜாக்கெட்டு, சின்ன டார்ச்சு, ரெண்டும் முதல் வாரத்துலயே வாங்கிருங்க. மழைக்காலத்துல சோர் ஆறு பொங்கி வயலுக்குள்ள வந்துரும், சில நாள் ரோடே மூடிருவாங்க, அப்ப எந்த பஸ் எந்த வழின்னு காலைலயே பாத்துட்டுக் கிளம்புங்க.

சமையலும் கடையும்

கிச்சன் பொது, ஏழெட்டு பேருக்கு ஒண்ணு. முதல் தடவை கடுகு தாளிச்சேன், வெடிச்சுது, மிளகா வத்தல் போட்டேன், புகைஞ்சுது, அடுத்த நிமிஷம் பில்டிங் மொத்தமும் அலாரம். துண்டோட நின்னவங்க, பாதி முடி வெட்டினவங்கன்னு எல்லாரும் வெளில குளிர்ல நிக்க, நான் கரண்டியோட. கோவப்படுவாங்கன்னு நினைச்சேன், ஒரு பொண்ணு வந்து "என்ன வாசனை அது, நல்லா இருக்கே"ன்னு கேட்டா, அப்படிப் பழக்கமானவதான் அப்பறம் என் லேப் பார்ட்னர். தாளிக்கறதுக்கு முன்னாடி எக்ஸாஸ்ட் ஃபேன் போட்டு, ஜன்னலைத் திறந்து, கிச்சன் கதவைச் சாத்திருங்க, கதவைத் திறந்து வெச்சா புகை காரிடாருக்குப் போய் அங்க இருக்கற டிடெக்டரைத் தட்டும். டிடெக்டர் மேல பாலித்தீன் கட்டற வேலையெல்லாம் பண்ணாதீங்க, ஃபைன், அதை விட உயிருக்கே ஆபத்து. குக்கர் விசில் அடிக்கும்னு கூட இருக்கறவங்ககிட்ட முன்கூட்டியே சொல்லி வைங்க, ஒருத்தன் டேபிளுக்கு அடியில போய் உக்காந்துட்டான், சத்தியமா.

கடைல வெஜிடபிள் ஆயில்னு மலிவா இருக்கும், பின்னாடி திருப்பிப் பாத்தா பெரும்பாலும் ரேப்சீட் எண்ணெய்தான், கடுகு குடும்பம். மே மாசம் இங்க காடு காடா மஞ்சளா பூத்துக் கிடக்குமே, அதேதான். நல்லெண்ணெய் வாசனை வராது, ஆனா வேலைக்கு ஆகும்.

லஃப்பரோல வியாழனும் சனியும் சந்தை கூடும், காய்கறி அங்க வாங்குங்க, சாயங்காலம் மூணரைக்கு மேல போனா ஒரு பவுண்டுக்கு ஒரு கிண்ணம்னு அள்ளிப் போடுவாங்க. கறிவேப்பிலை, முருங்கைக்காய், இட்லி அரிசி, உளுந்துன்னா லெஸ்டர் போகணும், பெல்கிரேவ் ரோடு. அது குஜராத்தி ஆளுங்க நிறைய இருக்கற ஏரியா, 1972ல உகாண்டால இருந்து இடி அமீன் துரத்தினப்ப வந்து குடியேறினவங்க அதுல நிறைய. தோக்ளாவுக்குப் பக்கத்துலயே நமக்கு வேண்டியதும் இருக்கும். மாசத்துக்கு ஒரு தடவை போய் மொத்தமா வாங்கி கறிவேப்பிலையை ஃப்ரீசர்ல போட்டு வெச்சா போதும்.

ஞாயித்துக்கிழமை கணக்கு மட்டும் தனியா மண்டைல ஏத்திக்கோங்க. 1994ல வந்த சட்டப்படி பெரிய கடைங்க ஞாயித்துக்கிழமை காலை 10ல இருந்து சாயங்காலம் 6க்குள்ள ஆறு மணி நேரம்தான் திறக்கலாம், அதனால பெரும்பாலும் நாலு மணிக்கே ஷட்டர். ஞாயித்துக்கிழமை பஸ்ஸும் குறைவு. ரெண்டும் சேந்தா ஞாயித்துக்கிழமைங்கறது துணி துவைச்சுட்டுத் தூங்கற நாள்.

முதல் வாரத்துல முடிக்க வேண்டிய மத்த வேலை

டாக்டர்கிட்ட பதிவு. விசாவோட வருஷத்துக்கு 776 பவுண்டு ஹெல்த் சர்சார்ஜ் கட்டியிருப்பீங்க இல்ல, அப்ப உடம்பு நல்லா இருக்கும்போதே ஜிபி, அதாவது ஏரியா டாக்டர், கிட்ட போய் பேர் பதிஞ்சுருங்க, அதுக்குக் காசு இல்ல. காய்ச்சல் வந்தப்பறம் பதியப் போனா ஃபார்ம் நிரப்பவே தெம்பு இருக்காது. அவசரம்னா 999, அவசரம் இல்ல ஆனா யாரையாவது கேக்கணும்னா 111. மருந்துக்கு 2025 கணக்குப்படி ஒரு ஐட்டத்துக்கு 9.90 பவுண்டு. பாராசிட்டமால் கடையிலயே பொட்டுக்கடலை விலைதான், ஆனா ஒரு தடவைல ரெண்டு பாக்கெட்டுக்கு மேல தர மாட்டாங்க. வைட்டமின் டி மாத்திரை குளிர் மாசங்கள்ல எல்லாரும் எடுக்கறது நல்லதுன்னு அரசாங்கமே சொல்லுது, நாளைக்கு 10 மைக்ரோகிராம், நம்ம நிறத்துக்கு வருஷம் பூரா.

பேங்க் அக்கவுண்ட்டுக்கு யூனிவர்சிட்டி லெட்டர் வேணும், ஓபன் ஆக நாளாகும், அதுவரைக்கும் ஃபாரெக்ஸ் கார்டு. கவுன்சில் டாக்ஸ், நம்ம ஊர் வீட்டு வரி மாதிரி, ஃபுல் டைம் ஸ்டூடண்ட்டுக்குக் கிடையாது, ஆனா வெளில வீடு எடுத்தா அதுக்கு சர்டிபிகேட் வாங்கிக் குடுக்கணும், தானா நடக்காது. டிவி இல்லாட்டியும் லேப்டாப்ல லைவ் டிவியோ பிபிசி ஐபிளேயரோ பாத்தா லைசென்ஸ் வேணும், பாக்கலேன்னா வேண்டாம்.

வேலை: டேர்ம் நேரத்துல வாரத்துக்கு 20 மணி நேரம், அதுக்கு மேல ஒரு மணி நேரம் கூட வேண்டாம். சைக்கிள் வாங்கி ஆப்ல சாப்பாடு டெலிவரி பண்ணலாம்னு யாராவது சொன்னா காதைப் பொத்திக்கோங்க, அது சுயதொழில் கணக்குல வரும், ஸ்டூடண்ட் விசால அனுமதி இல்ல. "உன் அக்கவுண்ட்ல காசு போடறோம், எடுத்துக் குடு, கமிஷன் தர்றோம்"னு வந்தா அது நேரா போலீஸ் கேஸ், நம்ம ஊர்ப் பையன் சொன்னாலும் சரி. ஹோம் ஆபீஸ்ல (இங்கத்த உள்துறை) இருந்து பேசறோம், ஃபைன் கட்டுங்கன்னு ஃபோன் வந்தா கட் பண்ணிருங்க.

பேச்சு

ஐஇஎல்டிஎஸ்ல ஏழரை வாங்கிட்டு வந்தவன் நான். கடைல ஒரு அம்மா "அய் அப் மி டக்"னாங்க. டக்குன்னா வாத்து, என்னை எதுக்கு வாத்துங்கறாங்கன்னு முழிச்சேன். இந்தப் பக்கம் அது "கண்ணு" மாதிரி, நம்ம கோயம்புத்தூர்ல காய்க்காரம்மா "என்ன கண்ணு வேணும்"னு கேக்கறாங்கல்ல, அச்சு அசல் அதேதான். அது பழகினதுக்கப்பறம் எனக்கு இந்த ஊர் பாதி சொந்த ஊர் ஆயிடுச்சு. "யூ ஆல்ரைட்?"னு கேட்டா உடம்புக்கு என்னன்னு கேக்கல, வணக்கம்தான், திருப்பி நீங்களும் அதையே கேட்டுட்டு நடையைக் கட்டலாம். நான் முதல் வாரம் நின்னு, சரியா தூக்கம் இல்லைன்னு விவரமா சொல்லிகிட்டிருந்தேன். சில வீட்டுல "டீ"ன்னா ராத்திரிச் சாப்பாடு, டீக்குக் கூப்பிட்டாங்கன்னு வயிறு நிறைய தின்னுட்டுப் போகாதீங்க.

பப்புக்குப் போறது பத்தி வீட்டுல பயப்படுவாங்க. இங்க பப்புங்கறது டீக்கடை பெஞ்சு மாதிரி, குடிக்கறவன் குடிப்பான், நீங்க லெமனேட் வாங்கிட்டு உக்காரலாம், ஒருத்தரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க. டேபிள்ல உக்காந்து யாராவது வருவாங்கன்னு காத்திருக்காதீங்க, பெரும்பாலும் கவுண்டர்ல போய்த்தான் ஆர்டர் பண்ணணும். கிராமத்துல யார் வீட்டு ரூம் காலி, யாருக்கு ஆள் வேணும்ங்கறதெல்லாம் எனக்கு அங்கதான் தெரிஞ்சுது.

காட்டுக்குள்ள நடக்கறது

இது எனக்குப் பிடிச்ச விஷயம், கொஞ்சம் நீட்டிக்கறேன். இங்க தனியார் வயலுக்கு நடுவுலயே பொதுப்பாதை இருக்கும், நடக்கறதுக்கு சட்டப்படி உரிமை. மஞ்சள் அம்பு போட்டிருந்தா நடக்கறவங்களுக்கு, நீல அம்புன்னா குதிரை, சைக்கிளுக்கும் சேத்து. நம்ம ஊர்ல அடுத்தவன் தோட்டத்துல கால் வெச்சா நாய் வரும், அதனால முதல்ல எனக்கு அந்த மஞ்சள் அம்பைப் பாத்தும் நம்பிக்கை வரல, யாராவது கத்துவாங்களோன்னு பயந்து பயந்து போனேன். எதிர்ல டிராக்டர்ல வந்தவரு கையை ஆட்டிட்டுப் போனாரு.

கேட்டு எப்படி இருந்துச்சோ அப்படியே விட்டுட்டுப் போங்க, சாத்தியிருந்தா சாத்துங்க, திறந்திருந்தா திறந்தே இருக்கட்டும், அந்தப் பக்கம் தண்ணிக்கு மாடு போயிட்டு இருக்கலாம். கன்னுக்குட்டியோட இருக்கற மாட்டுக்கு நடுவுல புகுந்து போகாதீங்க, நம்ம ஊர் லட்சுமி மாதிரி கட்டிப் போட்டது இல்ல, ஓரமா சுத்திப் போங்க. பாதையோரம் பச்சையா துளசி மாதிரி இலை வெச்சு ஒரு செடி நிக்கும், நெட்டில், தொட்டா நம்ம காஞ்சொறி எப்படியோ அப்படி. அரைக்கால் டவுசரோட போய் எனக்கு முட்டி வரைக்கும் தடிச்சுப்போச்சு. செப்டம்பர்ல வேலியெல்லாம் பிளாக்பெர்ரி பழுத்துத் தொங்கும், வீட்டுக்கு ஒரு கை பறிச்சுக்கலாம், நாய் உசரத்துக்குக் கீழ இருக்கறதை மட்டும் விட்டுருங்க, காரணம் கேக்காதீங்க. அதே செப்டம்பர்ல வயலுக்கு எரு அடிப்பாங்க, ரெண்டு நாள் ஊரே நாறும், சிட்டிப் பசங்க மூக்கைப் பொத்துவாங்க, எனக்கு மாட்டுத்தாவணி ஞாபகம்தான் வந்துச்சு.

கேம்பஸுக்குள்ள நடக்கும்போது ஒரு விஷயம் தெரிஞ்சு வெச்சுக்கோங்க. ஊர்ல "அவன் பெரிய எம்டன்"னு சொல்றோமே, அந்த எம்டன் கப்பல் 1914 செப்டம்பர் 22 ராத்திரி மெட்ராஸ் மேல குண்டு போட்டு எண்ணெய்த் தொட்டியை எரிச்சுதே, அதோட கேப்டன் கார்ல் ஃபோன் முல்லர் கைதியா இருந்தது இந்த இடத்துலதான். முதல் உலகப் போர்ல இந்தக் காலேஜ் கட்டடத்தை ஜெர்மன் ஆபீசர்களை அடைச்சு வைக்கற கேம்ப்பா மாத்தியிருந்தாங்க. 1917ல அவரும் இன்னும் இருபது பேருக்கு மேலயும் சுரங்கம் தோண்டித் தப்பிச்சுட்டாங்க, அப்பறம் அவரைத் திரும்பப் பிடிச்சுட்டாங்க. இது தெரிஞ்ச அன்னிக்கு ராத்திரி தாத்தாவுக்கு ஃபோன் பண்ணி ஒரு மணி நேரம் பேசினேன். மெட்ராஸையே ராத்திரியோட ராத்திரியா காலி பண்ண வெச்ச ஆளாலயே இந்த ஊரை விட்டு ஒழுங்கா வெளில போக முடியலயே, கடைசி பஸ்ஸை விட்ட நான் எம்மாத்திரம்.

அக்டோபர் கடைசி

முதல் பத்து நாள்ல வெயில் அடிச்சா ஏமாந்துறாதீங்க. அக்டோபர் கடைசி ஞாயித்துக்கிழமை கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னாடி தள்ளுவாங்க, திடீர்னு சாயங்காலம் காணாமப் போயிரும், டிசம்பர்ல நாலு மணிக்கு முன்னாடியே இருட்டிரும். குடை இங்க காத்துல திரும்பிக்கும், தொப்பி வெச்ச மழைக் கோட்டு ஒண்ணு அதுக்குள்ள வாங்கிருங்க, சாரிட்டி ஷாப்ல யாரோ குடுத்துட்டுப் போன நல்ல கோட்டு பத்து பவுண்டுக்குக் கூட கிடைக்கும். அதுவரைக்கும் நம்ம ஊருக்கும் இங்கயும் நாலரை மணி நேர வித்தியாசம், அந்த ஞாயித்துக்கிழமைல இருந்து அஞ்சரை. வீட்டுல முந்தின நாளே சொல்லிருங்க. நான் சொல்லல, வழக்கமா கூப்பிடற நேரத்துக்கு ஃபோன் வரலைன்னு எங்கம்மா என் ரூம்மேட், வார்டன், ஏஜெண்டுன்னு நாலு பேருக்கு கூப்பிட்டு முடிச்சிருந்தாங்க.